தாலி கட்டும்போது கமரா பாயில் கிடந்தது

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில், நீயும் மருமகளும் சுகம் என்பது ஒரு வரி. புதுக்குடியிருப்பில் கடைக்கு நல்ல இடம் கிடைத்தது என்பது இன்னொரு வரி. மிச்சம் முழுக்கச் சனத்தைப் பற்றிய முறைப்பாடு. கலியாண வீடியோ எடுத்துக் கொடுத்தால் தன் முகம் வரவில்லை என்று ஒருவர் சண்டைக்கு வருகிறாராம். முகம் வந்தது, ஆனால் கறுப்பாக வந்தது என்று இன்னொருவர் முறைக்கிறாராம். நித்திரை முழித்து உழைத்தவனுக்கு ஒரு வாய்ச்சொல் நன்றி கிடையாதாம். "நன்றி கெட்ட சனத்துக்கு நடுவில் கடை போட்டுவிட்டேன் அம்மா" என்று முடித்திருக்கிறாய். நேரில் வந்து ஏசலாம் என்று பார்த்தால், நாடு குழம்பிக் கிடக்கிற இந்த நாட்களில் மாங்குளத்தில் வெளிக்கிடும் பஸ் எந்த இடத்தில் போய் நிற்கும் என்று அதன் சாரதிக்கே தெரியாது. ஆகவே எழுத்தில் ஏசுகிறேன். அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "என்னைப் பற்றி என்ன எழுதிறீர்?" என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். இதில் பாதி அவரைப் பற்றியதுதான்.

நாங்கள் இந்தத் தொழிலில் இறங்கியபோது நீ யாழ்ப்பாணத்தில் போர்டிங்கில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போது நீ கண்டது, வாடகைக்குக் கொடுக்கும் ரீவியையும் கசெற் ஓட்டும் டெக்கையும் அடுக்கி வைத்திருந்த படக் கசெற்றுகளையும்தான். அதை வைத்துக்கொண்டு, அம்மாவும் அப்பாவும் கதிரையில் இருந்து படம் பார்த்துச் சம்பாதிக்கிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். சிங்கப்பூரிலிருந்து உன் மாமா கமராவைக் கொண்டுவந்து தந்த பிறகு நாங்கள் பட்ட பாட்டை உனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா கமராவைத் தோளில் வைப்பார். நான் லைற் பிடிப்பேன். முற்றத்தில் ஜெனரேற்றர் தன் பாட்டுக்குக் கத்தும். மல்லாவி, துணுக்காய் என்று எங்கே கலியாணம் என்றாலும் இந்த மூன்றும் வந்து இறங்கும். மூன்றில் நான்தான் கொஞ்சம் சத்தம் குறைவு என்று எழுதப் போனேன். அப்பா இருமுகிறார்.

கமராவோடு போன முதல் கலியாணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு அடங்காது. எங்கள் சனத்துக்கு அதுவரை தெரிந்தது போட்டோப் படம்தான். அப்பா கமராவைத் திருப்பிய பக்கமெல்லாம் சனம் மூச்சை அடக்கி, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, கண் வெட்டாமல் நின்றது. "அசையுங்கோ, அசையுங்கோ, இது அசையிற படம்!" என்று அப்பா கத்தினார். ஒரு பெரியவர் வாயைத் திறக்காமலே, "நீர் முதல் எடும் தம்பி, பிறகு அசையிறம்" என்றார். ஐயர் அதைவிட மோசம். நெய்யைக் கரண்டியில் எடுத்து, அப்பா கிட்ட வரும்வரைக்கும் பிடித்தபடியே இருப்பார், மந்திரத்துக்கு நடுவே தலையைத் திருப்பி, "இப்ப ஊத்தட்டோ?" என்று கேட்பார். பந்தியில் பரிமாறிய மாமி ஒருத்திக்குத் தான் உடுத்திருந்த சேலை திடீரென்று பிடிக்காமல் போய்விட்டது. உள்ளே போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, சாப்பிட்டு முடித்து ஏவறையும் விட்டுவிட்ட ஒருவருடைய இலையில் திரும்பவும் சோற்றைப் போட்டா. அந்த மனிதர் பாவம், கமராவுக்காக இரண்டாம் தரமும் சாப்பிட்டார்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நான் ஒன்று கண்டுபிடித்தேன். தன் முகம் வரவில்லை என்று கடை வாசலில் வந்து நின்று கத்துகிறவர் நன்றி கெட்டவர் இல்லை, மகன். அவர் இருபது கட்டை தூரம் சைக்கிள் உழக்கி அந்தக் கலியாணத்துக்குப் போயிருக்கலாம். பந்தல் போடும்போது கைகொடுத்திருக்கலாம். தான் போனதற்கும் நின்றதற்கும் ஒரு அடையாளம் வேண்டும் என்று கேட்கிறார். அவரைக் கதிரையில் இருத்தி, ஒரு தேத்தண்ணி கொடுத்து, கசெற்றைப் போட்டு ஓடவிடு. எங்காவது ஒரு மூலையில் அவருடைய காது தெரியும். "அந்தா, நான்!" என்று துள்ளுவார். காதுக்கே துள்ளுகிற சனத்தைப் போய் நீ கெட்ட சனம் என்கிறாய். தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடச் சொல்லு. சண்டைக்கு வந்தவர்கள் சீனி குறைந்தாலும் சண்டை பிடிப்பார்கள்.

இனி அப்பாவின் குணத்துக்கு வருகிறேன். கமராக்காரன் என்றால் கலியாண வீட்டுக்கு வேலைக்கு வந்தவன். உன் அப்பா எந்தக் கலியாணத்துக்கும் சொந்தக்காரராகத்தான் போவார். அடுப்பிலிருந்து சோற்றுக் கிடாரம் இறக்க ஆள் காணாது என்றால் கமராவை என் கையில் தந்துவிட்டு ஓடுவார். மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்தால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் படம் பிடிப்பார். கலியாணப் பொம்பிளை அழுதால் இவரும் அழுவார். இவர் அழுதால் கமரா ஆடும். எத்தனையோ கசெற்றில் பொம்பிளை மாப்பிள்ளை வீட்டுக்கு வெளிக்கிடும் இடம் மட்டும் நிலம் நடுங்கினது மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த இரக்க குணம்தான் ஒருநாள் எங்கள் கடையையே கவிழ்க்கப் பார்த்தது.

மல்லாவிப் பக்கத்தில் பூமணி அக்கா என்று ஒருத்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வவுனிக்குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற குடும்பம். அவாவின் மனிசன் தம்பிராசா அண்ணை சவுதிக்கு வேலைக்குப் போயிருந்தார். மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. தகப்பனுக்கு லீவு சரிவரவில்லை. ஒப்பந்தம் முடியாமல் வெளிக்கிட ஏலாது, நாளைத் தள்ளாமல் செய்யுங்கோ என்று எழுதிவிட்டார். பூமணி அக்கா எங்கள் கடைக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "அண்ணை, அவர் பெத்த ஒரே பிள்ளை. அவர் இந்தக் கலியாணத்தைப் பாக்கிறதெண்டா உங்கடை கமராவாலைதான் பாக்கவேணும். ஒண்டும் விடாமல் எடுத்துத் தாங்கோ" என்றா. அப்பா நெஞ்சில் கை வைத்து, "ஒண்டும் விடமாட்டன், தங்கச்சி" என்றார். நான் அப்போதே அவரைக் கூர்ந்து பார்த்தேன்.

கலியாணம் அவர்கள் வீட்டுப் பந்தலில், பகலில். தாரை வார்த்துக் கொடுக்கத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்கவேண்டும் என்பதால், தகப்பன் இல்லாத இடத்தில் பொம்பிளையின் தாய்மாமனும் மாமியும் மணவறைக்குப் போனார்கள். அது வழக்கம்தான், யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அப்பா எல்லாவற்றையும் அழகாக எடுத்துக்கொண்டு வந்தார். தாலி கட்டும் நேரம் வந்தது. பூவும் அரிசியும் போட்ட தட்டத்தை ஒரு பெண் எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு வந்தா, அப்பாவுக்கும் நீட்டினா. இவரும் ஒரு கை நிறைய அள்ளி வைத்துக்கொண்டார். நான் லைற்றைப் பொம்பிளையின் கழுத்துக்கு நேரே பிடித்தேன். கெட்டிமேளம் முழங்கியது. என் வெளிச்சத்தில் தாலி பளபளவென்று ஏறியது. இவ்வளவு வடிவாக ஒரு தாலிக்கும் நான் லைற் பிடித்ததில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. எல்லாம் முடிந்து திரும்பினால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயிலிருந்து கமராவைத் தூக்குகிறார்!

அடுத்த நாள் கடையில் கசெற்றைப் போட்டுப் பார்த்தோம். தாலியை ஐயர் எடுக்கிறார், மாப்பிள்ளை கையில் வாங்குகிறார், அதோடு உலகம் தலைகீழாகப் போகிறது. பிறகு பாய் தெரிகிறது. பந்தலின் கம்பு ஒன்று தெரிகிறது. வெறுங்கால் ஒரு சோடி எங்கிருந்தோ ஓடி வந்து கம்படியில் நிற்கிறது, நுனிவிரலில் எழும்புகிறது, மேளம் அடித்து முடியும்வரை அப்படியே எழும்பி நிற்கிறது. அரிசியும் பூவும் மழையாகக் கொட்டுகின்றன. கால் கீழே இறங்குகிறது, திரும்பிப் போகிறது. சமையலுக்கு வந்த யாரோ என்று நினைத்தேன். இவ்வளவுக்கும் மேலே, நாதஸ்வரத்தையும் அமுக்கிக்கொண்டு, ஒரு சத்தம்: "நல்லா இருங்கோ பிள்ளையள்! நல்லா இருங்கோ!" அது உன் அப்பா. கமராவைக் கவனமாகப் பாயில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அரிசி எறிந்து ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறார்.

"ஒரு கையாலை எறிஞ்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஒத்தைக் கையாலை பிள்ளையளை வாழ்த்துறதோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிப் போய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏச்சு வரவில்லை, பயம்தான் வந்தது. தகப்பன் மகளின் கலியாணத்தைப் பார்க்க இருந்த ஒரே வழி இந்தக் கசெற். அதில் கலியாணமே இல்லை!

எனக்கு ஒரு யோசனை வந்தது. வேறு ஒரு கலியாணத்தில் கையும் கழுத்தும் மட்டும் கிட்டத்தில் தெரிய எடுத்த தாலிகட்டு எங்களிடம் இருந்தது. அதை இதற்குள் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? அப்பா ரீவியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இஞ்சரும், அந்த மனிசன் தன்ர மருமகன்ர கையை உத்துப் பாப்பார். அவருக்குப் போய் ஆற்றையோ கையைக் காட்டுறதோ?" அந்த ஒட்டு மாப்பிள்ளை கையில் மணிக்கூடு கட்டியிருந்தார், பூமணி அக்காவின் மருமகன் கட்டவில்லை என்பது பிறகுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. இவருடைய நேர்மையால் அன்றைக்கு என் மானம் தப்பியது.

இருவரும் மல்லாவிக்குப் போய்ப் பூமணி அக்காவிடம் உள்ளதைச் சொன்னோம். அப்பா சொல்லவில்லை, விக்கினார். நான்தான் சொல்லி முடித்தேன். அவா ஏசுவா, சாபம் போடுவா என்று ஆயத்தமாகப் போனேன். "தாலி ஏறினது ஊருக்கே தெரியும். அவருக்குத்தான் என்னத்தைச் சொல்லுறது?" என்றா. அவ்வளவுதான். பிறகு, வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்று குசினிக்குள் போய்விட்டா. அந்தச் சோறு எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. அப்பாவுக்கு இறங்கியது, ஆனால் கண்ணீரோடு இறங்கியது.

அப்பாவால் அப்படியே விட முடியவில்லை. கூலி எதுவும் வேண்டாம் என்று கமராவை எடுத்துக்கொண்டு போய், ஒரு பகல் முழுக்க அந்த வீட்டையே படம் பிடித்தார். மகளும் மருமகனும் கிணற்றடியில், வயல் வரம்பில், ட்ரக்ரரில். கன்று போட்ட மாடு. காய்த்த பலாமரம். அயலட்டைச் சனம் ஒவ்வொருவராக வந்து, "தம்பிராசா, சுகமே?" என்று கமராவைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார்கள். பூமணி அக்கா மட்டும் கமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினா. "என்னை விடுங்கோ அண்ணை, நான் என்ன வடிவே! பிள்ளையளை எடுங்கோ" என்றா. அப்பாவும் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒரே கசெற்றில் சேர்த்து, சவுதிக்குப் போகிற ஒரு பொடியனிடம் கொடுத்துவிட்டோம். அங்கே விமான நிலையத்தில் போட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். முழுவதையும் இருந்து பார்த்தவர் யாராவது இருந்தால் அவருக்கு என் கும்பிடு.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பிராசா அண்ணை பார்த்தாரா, பார்த்துவிட்டுக் கசெற்றைச் சுவரில் அடித்தாரா, ஒன்றும் தெரியாது. கடைக்கு ஒரு புது முகம் வந்தாலே அப்பாவுக்கு வேர்க்கும். மல்லாவிக் கலியாணம் என்று யாராவது கேட்டு வந்தால், "ஜெனரேற்றர் பழுது" என்று சொல்லிவிடுவார். பின்னால் ஜெனரேற்றர் ஓடுகிற சத்தம் கேட்கும். ஒரு நெல்வெட்டு முடிந்து மற்ற நெல்வெட்டும் முடிந்தது. அப்போதுதான் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்து, "அண்ணை, சவுதியாலை வந்த ஒராள் உங்கடை கடை எதெண்டு விசாரிக்கிறார். ஆள் நல்ல வாட்டசாட்டம்" என்றார். அப்பா பெற்றோல் வாங்கிவருகிறேன் என்று பின்கதவால் வெளிக்கிட்டார். நான் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து நிறுத்தினேன்.

வந்தவர் எங்களுடைய கசெற்றை மேசையில் வைத்தார். "இதை ஒருக்காப் போடுங்கோ அண்ணை. ஒரு இடத்திலை கோடு கோடா விழுது" என்றார். அப்பா கசெற்றை டெக்கில் போட்டார். "ஓடவிடுங்கோ... இன்னும்... இன்னும்... ஆ, நிப்பாட்டுங்கோ. இந்த இடம்தான்." பார்த்தால், எந்த இடத்தை நினைத்து நாங்கள் இவ்வளவு காலமும் வெட்கத்தால் செத்தோமோ அதே இடம். பாய், பந்தல் கம்பு, கால். படம் முழுக்க வெள்ளைக் கோடு.

"லீவு நாளிலை எல்லாம் டெக்கை வாடகைக்கு எடுத்து இதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டனான். தேய்ஞ்சு போச்சு" என்றார் தம்பிராசா அண்ணை. "முதல் எடுத்தது உங்களிட்டை இருக்கும்தானே? இந்த இடத்தை மட்டும் இன்னொரு கசெற்றிலை அடிச்சுத் தாங்கோ. நான் திரும்பப் போறன், கொண்டு போகவேணும்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "அண்ணை, தாலி கட்டினதை நான் விட்டிட்டன். அந்தப் பழி என்ரைதான். ஆனா இதிலை என்ன இருக்கு? வெறுங்கால்தானே" என்றார்.

"வெறுங்காலோ? இது பூமணியின்ர கால்" என்றார் அவர். எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய் விரலை வைத்துக் காட்டினார். "பெருவிரலிலை நகமில்லை, பாருங்கோ. வாட்டர் பம்ப் இறக்கேக்கை அதை அவாவின்ர காலிலை போட்டது நான்தான். இண்டைக்கும் அதைச் சொல்லி ஏசுவா." சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. "அண்ணை, கசெற் முழுக்க அவாவைத் தேடினன். ஊரே நிக்குது. மாடு நிக்குது, பலாமரம் நிக்குது. அவாவைக் காணேல்லை. மகளைத் தாரை வார்க்கிற இடத்திலையும் காணேல்லை. காயிதம் எழுதுறது மகள்தானே, எதையும் எழுதலாம். ஆளுக்கு ஏதோ நடந்திட்டுது, எனக்குச் சொல்லாமல் மறைக்கினம் எண்டு நெஞ்சு அடைச்சுப் போச்சு. அப்பதான் இந்தக் கால் ஓடி வந்துது."

மகன், நான் அந்தக் கசெற்றை எத்தனையோ தரம் பார்த்தவள். லைற் பிடித்தவள். கலியாணத்தில் அந்தப் பொம்பிளையின் தாய் எங்கே நின்றா என்று ஒருதரமும் தேடவில்லை. மகளின் கழுத்தில் தாலி ஏறுகிறபோது, குசினியிலிருந்து ஓடி வந்து, ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நுனிவிரலில் எழும்பி நின்று பார்த்திருக்கிறா. அப்பா வழக்கம்போல வாய்விட்டு அழுதார். அதைப் பார்த்துத் தம்பிராசா அண்ணை, "நல்லா இருங்கோ எண்டு கத்தினது நீங்கள்தானே? வேலைக் காம்பிலை இருக்கிற பொடியளுக்கு அது என்ர மச்சான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்றார்.

பூமணி அக்கா வெளியே நின்றா. மில்லுக்கு நெல் கொண்டுவந்த ட்ரக்ரரில் இருவரும் சேர்ந்துதான் வந்திருக்கிறார்கள். காலெல்லாம் சேறு, கடைக்குள் வரமாட்டேன் என்று வாசலில் நின்றிருக்கிறா. நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். தம்பிராசா அண்ணை ரீவியைக் காட்டினார். அவாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு, சேற்றுக் காலை மெல்லச் சேலைக்குள் இழுத்துக்கொண்டா.

"உந்தக் காலைப் பாக்கவோ அங்கை இருந்து காசைக் குடுத்துக் கசெற்றைத் தேய்ச்சனீங்கள்?" என்று மனிசனை ஏசினா. அது போதாமல் அப்பாவின் பக்கம் திரும்பினா. "நீங்களும் நல்ல ஆள் அண்ணை! காலை எடுக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, மஞ்சள் எண்டாலும் பூசியிருப்பன்."

"அவர் சொல்லாமல் விட்டதுதான் நல்லது" என்றார் தம்பிராசா அண்ணை. "மஞ்சளுக்கை அந்த நகமில்லாத விரலும் மறைஞ்சிருந்தா நான் ஆற்றை காலெண்டு அறிவன்?"

உன் அம்மா
மாங்குளம்